கடைசி அத்தியாயத்தை மாற்றாதவள்

அடி அண்ணாமலையில் ஆட்டோ ஓட்டும் கண்ணாயிரத்துக்கு, மகள் கவிநிலா ஜாஸ் குழுவோடு பாடப் போனதில் துளியும் சம்மதமில்லை. ரமணாசிரமம் பக்கத்து கஃபேயில் வேலை பார்த்தபோது அங்கே வாசிக்க வந்தவர்களோடு கிளம்பியவள், புதுச்சேரி, கோவா, ஷில்லாங் என்று இரண்டு வருடம் சுற்றினாள். அவர் போனில்கூடச் சரியாகப் பேசவில்லை. குழு சண்டை போட்டுப் பிரிந்ததும் வீடு திரும்பி, அந்த அலைச்சலை நாவலாக எழுதினாள்.

ஒரு மதியம், அதைப் படித்த பதிப்பாளர் ஒருவர் போனில் அழைத்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால், சாப்பிட்டுக்கொண்டிருந்த கண்ணாயிரத்துக்கும் கேட்டது.

“முதல் பாதி பறக்குதும்மா. லாரியில பாடிக்கிட்டே போறாங்க. பின்பாதியில அவங்களுக்கே சலிச்சு, கடைசி அத்தியாயத்துல ஏமாந்து பிரியறாங்க. அதை எடுத்துட்டு சந்தோஷமா முடிங்க, உடனே போட்டுடலாம்.”

“இல்லீங்க சார். கெளம்பும்போது இருந்த நம்பிக்கையும் நெஜம், அப்புறம் ஏமாந்ததும் நெஜம். ஒண்ண மட்டும் வச்சா பொய்யாயிடும்.”

பதிப்பாளர் போனை வைத்துவிட்டார். கவிநிலாவின் முகம் வாடியது.

“தப்பு பண்ணிட்டேனாப்பா?”

ஊர் சுற்றி வீணாய்ப் போனவள் என்று நினைத்திருந்த மகள் இப்படி நிமிர்ந்து பேசுவாள் என்று அவர் எதிர்பார்க்கவே இல்லை.

“எனக்குக் கதையெல்லாம் தெரியாதும்மா. ஆனா நீ மாத்தித் தரேன்னு சொல்லியிருந்தா, எனக்குச் சோறு எறங்கியிருக்காது.”

மறு வருடம் சின்னப் பதிப்பகம் ஒன்று நாவலை ஒரு வரிகூட மாற்றாமல் வெளியிட்டது. ஆட்டோவில் கிடந்த பிரதியின் பின்னட்டையைப் படித்த பயணி ஒருவர், “கடைசியில ஏமாந்துதான் போறாங்களா?” என்று கேட்டார்.

“ஆமாங்க,” என்றார் கண்ணாயிரம் பெருமையாக. “எம்பொண்ணு எழுதுனது. நடந்தத நடந்தபடி எழுதியிருக்கா.”