ஐப்பசியில் ஏற்றும் சாயம்

அடுப்பில் கொதிக்கிற கறுப்புச் சாயத்தில் கல்லுப்பை அள்ளிப் போட்டேன். நெடி மூக்கில் ஏறியதும் உத்தமபாளையத்து வீடு நினைவுக்கு வந்தது.

அங்கே ஐப்பசி பிறந்ததுமே, அப்பாவின் வெளுத்துப்போன வேட்டிக்கு அம்மா சாயம் ஏற்றுவாள். அவள் நகக்கண்ணெல்லாம் கறுத்திருக்கும். கார்த்திகையில் அதைக் கட்டிச் சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டால் அப்பா குடிக்க மாட்டார், கைநீட்ட மாட்டார். "சாமி, கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்று அம்மாவிடமே மரியாதையாகக் கேட்பார். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றுகிற அன்றைக்கு, அம்மா எங்களைப் பொழுதோடு பக்கத்து வீட்டுக்குத் தூங்க அனுப்பிவிடுவாள்.

"கார்த்திகைக்கு இன்னும் எம்புட்டு நாள் கெடக்கு! அப்பா வேட்டிக்கு இப்பவே எதுக்கும்மா சாயம்?" என்றாள் என் மகள்.

வேட்டியைக் குச்சியால் அமுக்கிவிட்டு, "மழைக்காலம்டி, காயணும்ல" என்றேன்.