நான் படிப்பித்த தகப்பன்

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கு ஆங்கில இலக்கியம் படிப்பித்த காலத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் ஒரு தகப்பன். பழைய ஆங்கில நாவல் ஒன்றில் வருகிறவர். வீடு நிறையப் பெண்பிள்ளைகள். அவர்களுடைய கலியாணத்தை நினைத்தே பதறுகிற மனைவி. அவரோ தன் புத்தக அறைக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் வேடிக்கை பார்ப்பார், ஒற்றை வரியில் கிண்டலடிப்பார். வகுப்பில் அவரை நடித்துக் காட்டுவேன். பிள்ளைகள் மேசையில் தட்டிச் சிரிப்பார்கள். அவருடைய அசட்டையால் ஒரு மகளின் வாழ்க்கை அழியப் பார்த்ததையும் சொல்லிக் கொடுத்தேன்தான். சோதனைக்கு வரக்கூடிய கேள்வி என்று சொல்லிக் கொடுத்தேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரொறன்ரோவுக்கு வந்தோம். மோர்னிங்சைட்டில் ஒரு அப்பார்ட்மென்ட். எனக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துக் கார் பார்க்கிங்கில் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிற என்னை யாரும் சேர் என்று கூப்பிடவில்லை. வீட்டில் மட்டும் எனக்கு ஒரு மேடை மிஞ்சியிருந்தது. மூத்தவள் கலியாணம் முடித்து மொன்றியலுக்குப் போய்விட்டாள். இளையவள்தான் என் ரசிகை. நான் வாய் திறக்க முதலே சிரிக்கத் தயாராகிவிடுவாள்.

அவளுக்கு ரெக்ஸ்டேலில் இருந்து ஒரு தரகர் மூலம் மாப்பிள்ளை பேசி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பனி கொட்டிக்கொண்டிருந்தபோது, தாயும் மகனுமாக வந்தார்கள். நல்ல கோட், நல்ல கார், அளவான பேச்சு. தாய் ஒரு வடை சாப்பிட்டுவிட்டு இன்னொன்றுக்குக் கை நீட்டினார். மகன் திரும்பி அவரைப் பார்த்தான். நீட்டிய கை அப்படியே திரும்பிப் போய்ச் சேலைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டது. அந்த அம்மா அதற்குப் பிறகு தேத்தண்ணியையும் தொடவில்லை. மற்றவர்கள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அவர்கள் போனதும் மனைவி கேட்டாள்: "ஆள் எப்பிடி? நீங்கள் வாயே திறக்கேல்லை."

"நல்ல சிக்கனமான பெடியன். தாயை ஒரு வடையோடை கண்ணாலேயே நிப்பாட்டிப்போட்டான். உன்ரை மேளுக்கு வடைச் செலவு மிச்சம்."

மகள் சோபாவில் விழுந்து சிரித்தாள். நான் கண்ட ஒரே சாட்சியத்தை அந்தச் சிரிப்புக்காகச் செலவழித்துவிட்டேன்.

மாப்பிள்ளை பேசி வந்தால் அவனுடைய ஊர்க்காரரைப் பிடித்து விசாரிப்பது எங்கள் ஆக்களின் வழக்கம். ஊர் சிதறிய பிறகும் அது விடவில்லை. லண்டனுக்கும் பாரிசுக்கும் போன் போட்டு விசாரிப்பார்கள். அது தகப்பன் செய்யவேண்டியது.

"பகிடியை விட்டிட்டு அவையின்ரை ஊர் ஆக்களிட்டை ஒருக்கா விசாரியுங்கோவன்," என்றாள் மனைவி.

"எல்லாரும் தங்கமான பெடியன் எண்டுதான் சொல்லுவினம். தகரத்தைப் பெத்த ஊரை நான் இன்னும் காணேல்லை."

அடுத்த நாள் பின்னேரம் நான் வாசித்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, உண்மையாச் சொல்லுங்கோ. எனக்கு அவரைப் பாக்க ஒரு மாதிரிக் கிடக்கு. ஓமெண்டட்டோ?"

அந்தக் கை திரும்பிப் போனதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் மனைவியோடு சண்டை, தரகருக்குப் பதில், நாலு இடத்துக்குப் போன். முக்கியமாக, நான் கதிரையை விட்டு எழும்ப வேண்டும்.

"பிள்ளை, மாப்பிள்ளை எண்டால் அப்பிடித்தான். கொம்மா என்னைப் பாத்த அண்டைக்குக் காய்ச்சலிலை படுத்தவ. எழும்பிப் பாக்க நான்தான் நிண்டன்."

சிரித்தாள், வழமையை விடக் குறைவாக. சற்று நேரம் நின்றாள். நான் பக்கத்தைப் புரட்டினேன். போய்விட்டாள்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில், நாங்கள் போன் எடுத்தால் அவன்தான் தூக்கினான். "குளிக்கிறா," என்பான். காலையிலும் குளிக்கிறா, மாலையிலும் குளிக்கிறா. "உன்ரை மேள் கனடாவிலேயே சுத்தமான பிள்ளை," என்றேன். மனைவி ரிசீவரைக் கையில் வைத்தபடி என்னையே பார்த்தாள்.

அடுத்த ஜூலையில் ஒரு நாள், வேலை முடிந்து நேரே ரெக்ஸ்டேலுக்கு பஸ் எடுத்தேன். மகள் கதவைச் சங்கிலியோடு திறந்தாள். அந்த வெக்கையில் மணிக்கட்டு வரை மூடிய சட்டை.

"பிள்ளை, சப்பாத்தைப் போடு. வீட்டை போவம்," என்றேன்.

என் முகத்தைப் பார்த்தாள். உதட்டின் ஓரம் சிரிக்க ஆயத்தமாக நின்றது. மிச்ச வசனத்துக்காகக் காத்திருந்தாள். என்னிடம் மிச்சம் இல்லை.

"பகிடி விடாதீங்கோ அப்பா. அவர் வாற நேரம்."

கதவு மூடியது. லிஃப்ட் மேலே வரும் சத்தம் கேட்டது. நான் படிக்கட்டால் இறங்கிவிட்டேன். அவனைச் சந்திக்க எனக்குப் பயமாக இருந்தது என்பதை இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

பனிக்காலம் தொடங்கியபோது அவன் முதல்முறையாக எங்களுக்குப் போன் எடுத்தான். "அவளை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?" என்று மெதுவாகக் கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். அது உண்மை. தினமும் எடுத்தான், பிறகு பேசாமல் மூச்சு மட்டும் விட்டான். செய்தியில் பொலிஸ் நிற்கிற ஏரிக்கரை எதையாவது காட்டினால் மனைவி ரீவியை நிறுத்துவாள். அவள் எதை நினைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. நானும் அதையேதான் நினைத்தேன்.

அந்த வாரக் கடைசியில் மூத்தவள் மொன்றியலில் இருந்து எடுத்தாள்.

"தங்கச்சி என்னோடைதான் நிக்கிறாள். அவரை விட்டிட்டு வந்த நாள் தொடக்கம் இஞ்சைதான்."

"ஏன் பிள்ளை எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அம்மாட்டைச் சொல்லத்தான் நினைச்சவள். அப்பாவுக்குத் தெரிஞ்சால் இதையும் பகிடியாக்கிப்போடுவார் எண்டு பயந்தவள்."

மனைவி என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். வயரை இழுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் அழுவதும், இடையிடையே "ஓம் பிள்ளை, ஓம்" என்பதும் கேட்டது. நான் ஹோலில் நின்றேன். ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை.