பல் டாக்டரின் வாய்

தொண்ணூறுகளில், ராஜபாளையத்தில் என் மகன் படித்த சிறப்புப் பள்ளிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்குப் பல் தேய்த்துவிடும் முறையை அம்மாக்களுக்கும் ஆயாக்களுக்கும் கற்றுக்கொடுக்க வந்தவர். ஒல்லியான மனிதர். சிரிக்கும்போதெல்லாம் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார்.

"பிள்ளை வாயைத் திறக்கலைன்னா உங்களுக்குப் பொறுமை பத்தலைன்னுதான் அர்த்தம்," என்று எங்களை வெகுநேரம் கண்டித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, என்னைக் கூப்பிட்டு ஒரு புது பிரஷ்ஷைக் கொடுத்தார். "இப்ப நான்தான் பிள்ளை. பின்னால நின்னு தேய்ச்சு விடுங்க."

பிரஷ் உதட்டில் பட்டதுதான் தாமதம், பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளினார். மற்றவர்கள் கைதட்டினார்கள்.

"அச்சு அசலா என் மவன் மாதிரியே நடிச்சிட்டிய சார்," என்றேன்.

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "நடிக்கலம்மா. என் வாய்க்குள்ள அடுத்தவங்க கை வந்தா எனக்கு ஆகாது."

ஊரார் வாய்க்குள்ளெல்லாம் கையை விடும் தொழிலுக்கு அவர் எப்படி வந்தார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை, என் மகன் வாயை இறுக்கிக்கொண்டால் நான் அதட்டுவதில்லை. "சரி டாக்டரே, செத்த நேரம் கழிச்சு வாரேன்," என்று பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுகிறேன்.