வயிற்றுப்போக்கு என்று எழுதினேன்

கண்டி ஆஸ்பத்திரியில் பதிவேடு எழுதுவது என் வேலை. இன்று காலை வாசலிலேயே ஒருவர் இறந்துபோனார். நாவலப்பிட்டிப் பக்கம் கோப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர்.

“என்ன வருத்தம், என்ன நோய்?” என்று கூட வந்த அவர் மனைவியிடம் கேட்டேன்.

“வயித்தால போச்சுங்க. வேலைக்கு வரலேன்னு தோட்டத்துல அரிசிய நிறுத்திட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன்னாங்க, வண்டி தரலைங்க. ரெண்டு நாளா நடந்தே வந்தோம்.”

என்ன எழுதுவதென்று டாக்டரைப் பார்த்தேன்.

“வயிற்றுப்போக்குன்னு எழுதுங்க,” என்றார் டாக்டர்.

“பட்டினியையும் நடையையும் சேர்க்கலாமா, ஐயா?”

“அதெல்லாம் நோய் இல்லையே.”

அவர் சொன்னபடியே எழுதினேன்.

அடக்கம் முடிந்ததும் அந்த அம்மா தோட்டத்துக்கே திரும்பி நடந்தார். வேலைக்குப் போகாத நாளுக்கு அவருக்கும் அரிசி கிடையாதாம்.

எங்கள் பதிவேட்டில் இதற்கு இடமில்லை. உங்கள் ஊர்ப் பதிவேட்டிலாவது இருக்கிறதா?