பங்களாவுக்குப் போன கற்கள்

கவரைப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டி நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டில் எதை நட்டாலும் பிழைக்காது. கிணற்றுத் தண்ணீர் அப்படி உப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் மல்லிப் பதியன் வைத்தேன், கருகியது. கனகாம்பரம் வைத்தேன், அதுவும் போனது. துலுக்கச் சாமந்திகூட நாலு இலை விட்டு, மஞ்சளடித்துச் சாய்ந்துவிட்டது. நான் திருவள்ளூர் தாண்டிப் பூண்டிப் பக்கம் நெல் விளைவிக்கிற குடும்பத்தில் பிறந்தவள். காலையில் கதவைத் திறந்ததும் வெறும் தரை முகத்தில் அடிப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

கல்லடுக்க ஆரம்பித்தது அழகுக்காக இல்லை. வீட்டுச் சொந்தக்காரர் கக்கூஸுக்குக் குழி வெட்டியபோது மண்ணோடு வந்த கற்களை முன்வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டார். நடக்க வழியில்லை. ஒரு நாள் மத்தியானம் அவற்றை வேலியோரமாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். இடுப்பளவு வந்தபிறகு எட்ட நின்று பார்த்தேன். அடி அகன்று, மேலே போகப் போகக் குறுகி, அது பாட்டுக்கு நின்றது. அந்த வாசலில் முதன்முதலாக ஏதோ ஒன்று முளைத்த மாதிரி இருந்தது எனக்கு.

அப்புறம் பிறந்த ஊருக்குப் போகும்போதெல்லாம் கல் கொண்டுவரத் தொடங்கினேன். எங்கள் கழனியைத் தாண்டினால் மேட்டு நிலம் முழுக்கக் கூழாங்கற்கள்தான். கோழிமுட்டை அளவில் வெள்ளைக் கற்கள், பூசணிக்காய் அளவில் செம்பழுப்புக் கற்கள். ஏர் ஓட்டுகிறவர்களுக்கு அவை தொல்லை, எனக்குப் புதையல். ஒருமுறை திருவள்ளூர் பஸ்ஸில் என் பையை நகர்த்தப் போன கண்டக்டர் திணறிவிட்டார்.

“இன்னாம்மா, பையில கல்லா வெச்சிகினு வர்ற?”

“ஆமாங்க, கல்லுதான்” என்றேன். பஸ்ஸே சிரித்தது.

கும்மிடிப்பூண்டியில் அப்போதுதான் கம்பெனிகள் வந்துகொண்டிருந்தன. என் கணவர் அங்கே ஓர் இரும்புக் கம்பெனியில் ஸ்டோர்ஸில் இருந்தார். காலை பாசஞ்சரில் போனால் இருட்டித்தான் வருவார். என் கல் வேலையில் தலையிட மாட்டார். “உனக்குப் பொழுது போவுதுல்ல, செய்யி” என்பார். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்காரிதான் எனக்குத் துணை. பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். அவள் கணவனும் அதே கம்பெனியில்தான் இருந்தான், ஆனால் டெம்பரவரி. முதல் நாள் வேலிக்கு மேலே தலையை நீட்டி, “யக்கா, இன்னா பண்ற? கோயிலு கட்றியா?” என்று கேட்டாள். மறுநாள் அவளே வந்து நின்றாள். ரோட்டோரத்தில் கம்பெனிக் கட்டடத்துக்கு இறக்கியதில் மிஞ்சிய கருங்கல் துண்டுகள் கேட்பாரில்லாமல் கிடந்தன. சும்மாடு கட்டிக்கொண்டு, நான் அசைக்கக்கூட முடியாத கற்களை அவள் தலையில் தூக்கி வந்தாள். மீன்கூடை சுமந்த கழுத்து.

ஆனால் அடுக்குவதற்கு அவளுக்குப் பொறுமை இருந்ததில்லை. அடிக்கல்லை மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறக்க வேண்டும். மேலே வைக்கிற கல்லுக்கு எந்தப் பக்கம் உட்காரப் பிடிக்கிறது என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அது மூன்று இடத்தில் படிந்துவிட்டால் அசையாது. இடுக்கில் சல்லிக்கல்லை வெளியே தெரியாமல் செருக வேண்டும். நான் இதையெல்லாம் செய்யும்போது அவள் முந்தானையால் விசிறிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். “ஒரு கல்ல இவ்ளோ நேரம் கொஞ்ச உன்னாலதான் முடியும் யக்கா.”

மூன்று வருஷத்தில் முன்வாசல் மாறிப்போனது. வேலியோரம் உயரமும் குட்டையுமாகக் கல்லடுக்குகள். அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓர் ஓடைபோல வெள்ளைக் கூழாங்கல் பரப்பினேன். ஓடைக்குக் கரையாக வைக்க அவள் தன் ஊரிலிருந்து கிளிஞ்சல் கொண்டுவந்து தந்தாள். கேட் மூடியிருக்கும்போது லாரிக்காரர்கள் இறங்கி வந்து வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள்.

என் அம்மாவிடம் சொல்லாததைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இரண்டு தடவை கரு தங்காமல் போனது. இரண்டு தடவையும் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது அவள்தான். மூன்றாவதாக உண்டானபோது என்னைக் குடம் தூக்க விடவில்லை, குனிய விடவில்லை. அறுப்பு முடிந்து அப்பா அரிசி அனுப்பினால் நான் அளக்காமல் அவளுக்கும் கொடுப்பேன். அவள் ஊருக்குப் போய்வந்தால் இறாலும் நண்டும் எங்கள் வீட்டில்தான் முதலில் குழம்பாகும்.

வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு ஊருக்குக் கிளம்பியபோது, “யாரும் கை வைக்காம பாத்துக்கோடி” என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவள் சிரித்தாள். “கல்ல யார் யக்கா தின்னப் போறாங்க?”

பெண் குழந்தை பிறந்தது. தலை நின்ற பிறகு தூக்கிக்கொண்டு கவரைப்பேட்டைக்கு வந்தேன். கணவர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். வழியெல்லாம் அவர் பேசவே இல்லை. களைப்பு என்று நினைத்தேன்.

வேலிப்படலைத் திறந்தேன். வாசல் வெறுமையாக இருந்தது. அடிக்கற்களைப் பெயர்த்த இடங்களில் குழிகள் மட்டும் இருந்தன. வெள்ளைக் கூழாங்கல்லைக்கூட விடாமல் வாரியிருந்தார்கள். கிளிஞ்சல்கள் மட்டும் வளைந்து வளைந்து கிடந்தன, நடுவில் ஓடை இல்லாமல்.

“இன்னாங்க இது?”

“மொதல்ல கொழந்தைய உள்ள இட்டுகினு போ. சொல்றேன்.”

நான் நகரவில்லை. அங்கேயே நின்றுதான் கேட்டேன். ஒரு நாள் ரயில்வே கேட்டில் கம்பெனி மேனேஜரின் கார் நின்றிருக்கிறது. மேனேஜரின் மனைவி, நாங்கள் மேனேஜர் அம்மா என்று சொல்பவர், இறங்கி வந்து வேலி வழியாகப் பார்த்து, இது யார் செய்தது என்று கேட்டிருக்கிறார். வாசலில் கோழிக்கு நொய் போட்டுக்கொண்டிருந்தவள் என் பக்கத்து வீட்டுக்காரி. “நான்தாம்மா” என்று சொல்லியிருக்கிறாள். தங்கள் பங்களாவிலும் இதுபோலச் செய்து தர முடியுமா என்று கேட்டதற்கு, இதே கல்லையே கொண்டுவந்து தருகிறேன் என்றிருக்கிறாள். அடுத்த வாரம் கம்பெனி லாரி வந்தது. அவள் கணவனுக்கு வேலை நிரந்தரமானது.

“நீங்க எங்க இருந்தீங்க?”

“ஞாயித்துக்கெழம. ஊட்லதான் இருந்தேன்.”

“இருந்து?”

“லாரி வந்து நிக்குது. மேனேஜர் ஊட்டு வேல. நான் இன்னான்னு சொல்றது? அவ வேற, அவனுக்கு வேல போயிடும்னு அழுதா. நானும் ஒரு கை குடுத்து ஏத்தி உட்டேன்.”

லாரியில் ஏற்றிவிட்ட பிறகும் அவர் என் ஊருக்குக் குழந்தையைப் பார்க்க வந்திருந்தார். எங்கள் வீட்டில் சாப்பிட்டார், குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினார். வாசலில் எல்லாம் எப்படி இருக்கிறது என்று நான் கேட்டபோது, “அப்டியேதான் இருக்குது” என்றார். கல் போனதைவிட அந்த ஒரு பதில்தான் எனக்கு வலித்தது.

பக்கத்து வீட்டுக்காரி இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் கிணற்றடியில் சிக்கினாள்.

“ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே” என்றேன்.

அவள் கயிற்றை விடாமல் என்னைப் பார்த்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

“குடுத்திருப்ப யக்கா. தெரியும். அரிசி குடுத்த, பொடவ குடுத்த, இதயும் குடுத்திருப்ப. எம்மா நாளைக்குத்தான் நான் வாங்கிக்கினே இருக்கிறது? இது ஒண்ணாச்சும் நான் செஞ்சதா இருக்கட்டும்னு நெனச்சேன்.”

“நீ செஞ்சதா?”

“நான் தூக்கலியா? சொல்லு, நான் தூக்கலியா?”

தூக்கியிருந்தாள். அதை எப்படி இல்லையென்பது? குடத்தை நிரப்பாமலே வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் மனசாரக் கொடுத்த அரிசி ஒவ்வொரு வருஷமும் அவளுக்குள் இப்படித்தான் இறங்கியிருக்கிறதா என்று நினைத்து நினைத்து அன்று சோறு பொங்கக்கூட மறந்துபோனேன்.

ஐப்பசி மழை பிடித்தபோது அவள் என் வாசலுக்கு வந்தாள். பங்களாவில் பெரிய அடுக்கு சரிந்துவிட்டதாம். விளையாடிக்கொண்டிருந்த மேனேஜர் மகன் மயிரிழையில் தப்பினானாம். மேனேஜர் அம்மா கூப்பிட்டுக் கத்தியிருக்கிறார். நாளைக்குள் சரிசெய்யாவிட்டால் எல்லாவற்றையும் அள்ளி வெளியே கொட்டிவிடுவார்களாம்.

“பெரிய பேஜாராப் பூட்ச்சி யக்கா. எனக்கு அந்த சல்லி செருவுறது தெரியாது. நீ ஒரு தபா வா. அவரு வேலைக்கு ஒண்ணும் ஆவக்கூடாது.”

போனேன். அவளுக்காகப் போகவில்லை. என் கற்களைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. குழந்தையை எதிர்வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு அவளோடு கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் ஏறினேன்.

பங்களா கேட்டில் அவள் கணவன் புதுக் காக்கி உடுப்பில் காவலுக்கு நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் கும்பிட்டான், உடனே தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே புல்தரை நடுவில் என் கற்கள் கிடந்தன. அடிக்கல்லைப் புதைக்காமல் புல்லின்மேலேயே வைத்திருந்தாள். எப்படி நிற்கும்?

மேனேஜர் அம்மா வராந்தாவுக்கு வந்தார். என்னைக் காட்டி, “இது யாரு?” என்று கேட்டார்.

“எங்க ஊர்க்காரங்கம்மா. கல்லு எடுத்துக் குடுக்க இட்டுகினு வந்தேன்” என்றாள் அவள், என் முகத்தைப் பார்க்காமலே.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அம்மா நம்பியிருப்பார். ஒவ்வொரு கல்லும் எந்த வயலில் எடுத்தது என்று என்னால் சொல்ல முடியும். வாயைத் திறந்தேன். கேட்டருகே காக்கி உடுப்பு தெரிந்தது. மூடிக்கொண்டேன்.

புல்லை வெட்டச் சொன்னேன், மண்ணைத் தோண்டச் சொன்னேன். அவள் மறுபேச்சில்லாமல் தோண்டினாள், தூக்கினாள். நான் திருப்பிப் பார்த்து, படியவைத்து, சல்லி செருகினேன். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவள் பெரிய கல்லைச் சுமப்பதும் நான் பொடிக்கல்லைப் பொறுக்குவதும்தான் தெரிந்திருக்கும். சாயங்காலம் முடிந்ததும் மேனேஜர் அம்மா வந்து அடுக்கைக் கையால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. அவளுக்குப் பீங்கான் கோப்பையில் காபி வந்தது. எனக்கு அலுமினிய டம்ளரில் வந்தது.

“உனக்குக் கை நல்லா வருது” என்றார் என்னிடம், நிஜமான பிரியத்தோடு. “இவகிட்ட இருந்து ஒழுங்காக் கத்துக்கோ.”

அப்போதாவது அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஸ்டேஷனில் என் கையைப் பிடிக்க வந்தாள். “யக்கா, எனக்கு வேற வழி தெர்ல.”

“இனிமே என் ஊட்டு வாசப்படி மிதிக்காத” என்றேன். வண்டி வந்ததும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

தை பிறந்ததும் அவர்களுக்குக் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வண்டியில் சாமான் ஏற்றிய காலையில் அவள் ஒரு தூக்குச்சட்டியில் நண்டு கொண்டுவந்து எங்கள் படலுக்கு வெளியே நின்றாள். நான் சொன்னதை மீறி உள்ளே வரவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தூக்கைத் தரையில் வைத்துவிட்டுப் போனாள். கணவர்தான் எடுத்து வந்தார். நான் ஆய்ந்து கொடுக்கவில்லை. அவரே ஏதோ சமைத்து, அவரே சாப்பிட்டார்.

அந்த பங்களாவில் கற்களுக்கு சிமெண்ட் பூசிவிட்டார்கள் என்று பின்னால் அவர் சொல்லித் தெரிந்தது. “இனிமே வுழவே வுழாதாம்” என்றார், நல்ல சேதி போல.

அவரோடு நான் சண்டை போட்டதில்லை. எல்லாம் பழையபடியே நடந்தது. ஆனால் அன்றன்று நடந்ததை அவரிடம் சொல்கிற வழக்கம் எனக்கு விட்டுப்போனது. அவர் அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

அடுத்த கோடையில் மறுபடியும் அடுக்கத் தொடங்கினேன். இந்தத் தடவை ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாதபடி வீட்டுக்குப் பின்னால். ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

“ரோட்டோரம் இன்னும் கல்லு கெடக்குது. நான் வோணா தூக்கியாந்து போடட்டா?”

“வேணாம்” என்றேன்.

அந்த அடுக்கு முழங்காலுக்கு மேல் உயரவில்லை. நான் ஒருத்தியாகத் தூக்க முடிந்த கற்களை மட்டும்தான் அதில் வைத்தேன்.