பந்தடிக்க உழுத வயல்

தவராசாவுக்குப் பந்தடிக்கப் பழக்கியவன் நான்தான்.

இல்லை. பொய். பேனையை எடுத்ததும் கை தானாக அப்படி எழுதிவிட்டது. வாய்க்கு இருக்கிற பழக்கம் இப்போது கைக்கும் தொற்றிவிட்டது போல.

உண்மையைச் சொன்னால், நான் என் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் பந்தை உதைத்திருக்கிறேன். அன்றைக்குப் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் செருப்புத்தான் கோலுக்குள் போனது.

வாராவாரம் பேப்பரின் இந்த மூலையை வாசிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன் – நான் ராசு. இரணைமடுத் தண்ணீர் பாய்கிற குடியேற்றத்தில் உழவு மெசின் ஓட்டுகிறவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்துவிட்டது. யார் முறித்தது என்று கேட்க வேண்டாம். இரண்டு பக்கமும் சந்தோஷம்தான்.

தவராசா யார்? எங்கள் வாய்க்கால்கரையில் தனியாக வயல் செய்கிற செல்லம் அக்காவின் ஒரே மகன். ஒல்லிப் பெடியன். ஆனால் அவனுடைய இடது கால் பட்டால் பந்து நிலத்தை மறந்துவிடும். போன வருஷம் வவுனியாவில் ஒரு ஆட்டம் ஆடினான். அதற்குப் பிறகு பேப்பரில் பேர் வந்தது. அந்தத் துண்டை வெட்டி, சலீம் நானா தன் சைக்கிள் கடைச் சுவரில் ஒட்டினார். ரியூப் ஒட்டுகிற சொலூசனால் ஒட்டினார். இனி அந்தச் சுவரை இடித்தாலும் பேப்பர் வராது.

அவன் எங்கே ஆடினாலும் பின்னால் போகிற கூட்டம் ஒன்று உண்டு. என் மெசினின் ட்ரெயிலரில்தான் பயணம். வவுனியாவுக்கும் அப்படித்தான் போனோம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆட்டம் முடிந்து, இரண்டு பக்கமும் சோடா குடித்துக்கொண்டிருந்தார்கள். அதனாலென்ன? அவன் அடித்த கோல்களை நான் இன்றைக்கும் நேரில் கண்டதுபோலச் சொல்லுவேன்.

சரி, கதைக்கு வருவோம். போன மாதம் ஒரு நாள் நானாவின் கடை வாசலில் கிடக்கிற மர வாங்கிலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். நானா பந்தின் உள் ரியூப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒரு மனிதர் இறங்கினார்.

"தவராசா எண்ட பெடியன்ர வீடு இஞ்சையோ?"

"ஓம். அவனுக்குப் பந்தடிக்கப் பழக்கினதே நான்தான்" என்றேன்.

"அப்பிடியே? அப்ப உங்களிட்டைக் கேக்கலாம். அவன் அடிக்கிறது எந்தக் காலாலை?"

"வலது, சேர்."

நானா குனிந்தபடியே இருமினார்.

"நான் கேள்விப்பட்டது இடதெண்டு."

"வலதிலை நிண்டால்தானே சேர் இடதாலை அடிக்கலாம். நான் நிக்கப் பழக்கினனான்."

அவர் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெரிய கல்லூரி ஒன்றின் விளையாட்டு மாஸ்டராம். வந்த விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். "வாற சனிக்கிழமை பின்னேரம் ஒரு மாட்ச் வையுங்கோ, வந்து பாக்கிறன். ஆட்டம் பிடிச்சால் விடுதியிலை இடம் தருவம். சாப்பாடு, படிப்பு எல்லாம் எங்கடை பொறுப்பு. ஒரு இடம்தான் இருக்கு. இன்னும் வேறை பெடியளையும் பாக்கிறம்."

இதை ஓடிப்போய்ச் செல்லம் அக்காவிடம் சொன்னேன். அக்கா நெல் அவித்துக்கொண்டிருந்தார். அகப்பையைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பிடிக்காட்டி?"

"பிடிக்காட்டி என்ன அக்கா, என்னட்டை மெசின் ஓடப் பழக விடுறன் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். ஆள் என்னைப் போலை வந்திடுவான்."

அக்கா என்னை உச்சியிலிருந்து பாதம்வரை ஒருதரம் பார்த்தார். எண்ணெய்ச் சாரம், கிழிந்த பெனியன், காதில் பீடி.

"அந்த மாஸ்டருக்குப் பிடிக்கத்தான் வேணும்" என்றார்.

இனி மைதானம். எங்கள் பக்கத்தில் மைதானம் என்றால் அரிவி வெட்டிய வயல்தான். அறுவடை முடிந்து அடுத்த போகத்துக்கு உழும்வரை வயல் பெடியன்களுக்குச் சொந்தம். ஒரு வயற்காரனும் மறிக்க மாட்டான். வெட்டிய நெல்லின் அடிக்கட்டை கணுக்கால் உயரத்துக்கு ஊசி ஊசியாக நிற்கும். வெறுங்காலோடு அதற்குள்தான் ஆட்டம்.

"யாழ்ப்பாணத்து மனுசன் இந்த முள்ளுக்கை பெடியன் ஆடுறதைப் பாத்தால் என்ன நினைப்பார்?" என்று நான் கேட்டேன்.

எல்லாருக்கும் ரோஷம் வந்துவிட்டது. நிலத்தைத் திருத்துவோம் என்று முடிவாயிற்று. நீங்களே சொல்லுங்கள், ஒரு கமக்காரனிடம் போய் நல்ல நிலம் எது என்று கேட்டால் என்ன சொல்லுவான்?

உழுத நிலம்.

வெள்ளிக்கிழமை செல்லம் அக்காவின் வயலில் மெசினை இறக்கினேன். அடிக்கட்டை போகும்வரை உழுதேன். குறுக்கே உழுதேன். கட்டி உடைத்தேன். பின்னால் பலகை கட்டி மட்டம் அடித்தேன். புழுதி பறக்கக்கூடாது என்று பெண்கள் வாய்க்காலில் கிடந்த தண்ணீரை அள்ளித் தெளித்தார்கள். அக்கா ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். "பூப்போலை கிடக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அக்கா என் உழவை மெச்சியது அன்றைக்குத்தான்.

இதில் பந்து உருளுமா என்று யாராவது கேட்டார்களா? இல்லை. விதை முளைக்குமா என்று கேட்டிருந்தால் நூறு பேர் பதில் சொல்லியிருப்பார்கள்.

தவராசா மட்டும் வந்து கால் விரலால் மண்ணை அமத்திப் பார்த்தான்.

"என்னடா?"

"ஒண்டுமில்லை ராசு அண்ணை. நல்லாய்த்தான் இருக்கு."

நல்லாய் இருக்கு என்று சொன்ன முகம் அது இல்லை. ஆனால் நான் என் உழவைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை மாஸ்டர் குடையோடு வந்தார். வரம்பில் நின்று வயலைப் பார்த்தார்.

"என்ன விதைக்கப் போறியள்?"

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவர் உண்மையாகவே கேட்டிருக்கிறார்.

பக்கத்துக் குடியேற்றத்துப் பெடியன்களோடு ஆட்டம் தொடங்கியது. அதை ஆட்டம் என்று சொன்னால் மற்ற ஆட்டங்கள் கோபிக்கும். மேலே போன பந்து கீழே விழுந்தால் விழுந்த இடத்திலேயே புதைந்து கிடந்தது, கோழி இட்ட முட்டை போல. ஓடுகிறவனுக்குக் கணுக்கால்வரை மண். தவராசா பந்தைத் தட்டிவிட்டு ஓடுவான். பந்து பின்னால் நின்றுவிடும், அவன் மட்டும் முன்னால் போய் விழுவான். "இடதாலை... இடதாலை..." என்று நான் கத்தினேன். கால் எது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் என்ன பிரயோசனம்?

பாதி ஆட்டம் முடிந்தது. மாஸ்டர் குடையை மடக்கினார்.

"பெடியன் கெட்டிக்காரன்தான். ஆனால்..." என்றார்.

காரை நோக்கி நடந்தார். செல்லம் அக்கா வரம்பில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, வேப்பமரத்தின் கீழ் நின்ற என் மெசினைப் பார்த்தார். அதன் ஓட்டுகிற சீற்றில் மகன் இருக்கிறதை இப்போதே காண்கிறார் என்று விளங்கியது. எனக்கு அந்த மெசினில் அவ்வளவு வெறுப்பு அதற்கு முதல் வந்ததில்லை.

யாரோ ஒருவன் எரிச்சலில் உதைத்த பந்து வரம்பு தாண்டி அடுத்த வயலுக்குள் போய் விழுந்தது. அது நான் கைவைக்காத வயல். அடிக்கட்டை அப்படியே நின்றது. தவராசா எடுக்கப் போனான்.

"தம்பி, நிலத்திலை விடாதை. குத்திப்போடும். என்னட்டைச் சொலூசன் முடிஞ்சுது" என்று நானா கத்தினார்.

அவர் எப்போதும் கத்துகிறதுதான். அவன் எப்போதும் செய்கிறதைத்தான் செய்தான். பெருவிரலால் பந்தைக் கிளப்பினான். கால், முழங்கால், மற்றக் கால், தலை. கொக்குப்போலக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து, அடிக்கட்டைக்கு மேலாலேயே பந்தைக் கொண்டுவந்தான். வயலின் அந்தக் கரையிலிருந்து இந்த வரம்புவரை அது நிலத்தில் படவேயில்லை. எங்களில் ஒருவரும் அதைப் பெரிதாகப் பார்க்கவில்லை. இதில் பார்க்க என்ன இருக்கிறது? எங்கள் பெடியன்கள் எல்லாரும் பந்தை அப்படித்தான் எடுத்து வருவார்கள். இவன் கொஞ்சம் வடிவாக எடுத்து வருவான், அவ்வளவுதான்.

கார்க் கதவைத் திறந்த மாஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு திரும்பி வந்தார்.

"தம்பி, இஞ்சை வாரும். உந்த வித்தையை ஏன் மாட்சிலை செய்யேல்லை?"

தவராசா நிலத்தைப் பார்த்தான்.

"உழுத வயலுக்கை பந்துக்குக் குத்தாது, சேர்."

மாஸ்டர் உழுத வயலைப் பார்த்தார். உழாத வயலைப் பார்த்தார். காற்சட்டையைக் குனிந்து மடித்துக்கொண்டே கேட்டார்.

"இதை ஆர் உழுதது?"

எதற்கெடுத்தாலும் நான்தான் நான்தான் என்று முந்துகிற என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. நானா விடுவாரா?

"நிக்கப் பழக்கினவர்தான், சேர்."

மிச்ச ஆட்டம் அடிக்கட்டைக்குள் நடந்தது. மாஸ்டர் சப்பாத்துக் காலோடு உள்ளே வந்து நின்று பார்த்தார். தவராசா என்ன செய்தான் என்று சொல்ல எனக்குத் தமிழ் போதாது. ஒன்று மட்டும் சொல்கிறேன் – எதிர்ப்பக்கக் கோலி ஒரு கட்டத்தில் பந்தை மறிக்கிறதை விட்டுவிட்டு எங்களோடு சேர்ந்து பார்க்கத் தொடங்கிவிட்டான்.

முடிந்ததும் மாஸ்டர் செல்லம் அக்காவைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். வரம்பில் நின்று நெடுநேரம் கதைத்தார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் மெதுவாகக் கிட்டப் போய், மெசினில் ஏதோ பார்க்கிறதுபோலக் குனிந்து காதைக் கொடுத்தேன். அவர் சொன்னது என்னவென்றால்...

"ராசு, உதுக்குள்ளை இருந்து என்ன கிறுக்கிறாய்? பெடியன்ர பெட்டி வாசலிலை கிடக்குது. மெசினைக் கொண்டு வா. யாழ்ப்பாண றெயில் உனக்காக ஸ்ரேசனிலை நிக்குமோ?"

அக்காதான் கூப்பிடுகிறார். போகவேண்டும்.

அந்தக் கல்லூரி மைதானம் முழுக்கப் பச்சைப் புல்லாம், ஒரு இடத்திலும் குத்தாதாம். அதை நினைக்கத்தான் எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது.