மானிப்பாய்க்குப் போய்வந்த காதுப்பெட்டி

குருநகரில் செபமாலையின் முகத்தை அறியாதவர்கள் இருக்கலாம், அவர் போட்ட சத்தத்தைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. கோயில் பெருநாள், கலியாணவீடு, செத்தவீடு, உதைபந்தாட்ட இறுதிப்போட்டி என்று எதுவானாலும் லவுட்ஸ்பீக்கர் கட்டுவது அவர்தான். மீசை முளைக்கும் வயதில் தொடங்கிய தொழில். இப்போது அந்த மீசை முழுக்க நரைத்துவிட்டது. பெருநாள் காலத்தில் அவர் குழாய்களைக் கட்டிவிட்டால் கடலில் நிற்கிறவனுக்கும் பூசை தொடங்கிவிட்டது தெரியும். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி யாராவது கோபத்தோடு வந்தால் அவர் எதிர்த்துக் கதைப்பதில்லை. "ஓம் ஓம், குறைச்சுவிடுறன்" என்று மரியாதையாகச் சொல்லி, பெட்டியில் ஒரு குமிழைத் திருகிக் காட்டுவார். அந்தக் குமிழுக்குப் பின்னால் ஒரு வயரும் கிடையாது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், "இப்பதான் காதுக்கு இதமாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இப்படிப்பட்டவரின் காதுக்குள் சில வருடங்களுக்கு முன் ஒரு சத்தம் குடிவந்தது. மைக்கை ஸ்பீக்கருக்குக் கிட்டக் கொண்டுபோனால் 'கீ' என்று ஒரு கூவல் எழும்புமே, அதேதான். மேடையில் அது எழும்பினால் செபமாலை கண்மூடித் திறப்பதற்குள் அடக்கிவிடுவார். இதை எந்தப் பக்கம் திருகி அடக்குவது என்று தெரியவில்லை. விடிந்தாலும் கூவியது, பொழுதுபட்டாலும் கூவியது. ஊருக்கு இரக்கம் வரவில்லை. "நாங்கள் இவ்வளவு காலமும் பட்டதை இப்ப நீங்களும் கொஞ்சம் படுங்கோ" என்று முன்வீட்டு அற்புதராணி முகத்துக்கு நேரே சொன்னாள்.

உள்ளிப் பூண்டைச் சுட்டு எண்ணெயில் போட்டுக் காதுக்குள் விட்டார். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியிடம் போனார். காது டொக்டரிடமும் போனார். பெரிய சத்தங்களைக் கேட்டுக் கேட்டுக் காது பழுதாகிவிட்டது, பழகிக்கொள்ளுங்கள் என்றார் அந்த டொக்டர். பழகிக்கொள்ள இதென்ன சம்பந்தி வீடா என்று செபமாலைக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். படுக்கும்போது றேடியோவை எந்த ஸ்ரேசனிலும் இல்லாமல் நடுவில் நிறுத்தி, அது 'இஸ்' என்று இரைய விட்டுவிடுவார். அந்த இரைச்சலுக்குள் காதின் கூவல் கொஞ்சம் அமுங்கும், அவருக்கு நித்திரை வரும். பக்கத்தில் படுத்திருந்த மனைவி ஸ்ரெல்லாவுக்குத்தான் நித்திரை போனது. ஒரு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லிக்கொண்டு பருத்தித்துறையில் இருக்கும் மகள் லவீனா வீட்டுக்குப் போய்விட்டாள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. காரணம் எதுவென்று எல்லோருக்கும் தெரியும். படியில் இறங்கும்போது அவள் சொன்னது இவ்வளவுதான்:

"றேடியோ நிண்ட பிறகு சொல்லியனுப்புங்கோ, வாறன்."

செபமாலைக்குச் சமைக்கத் தெரியும், உடுப்புத் தோய்க்கவும் தெரியும். சண்டை பிடிக்கத்தான் வீட்டில் ஆளில்லை. ஸ்ரெல்லா இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவேயில்லை. அவள் வரவேண்டும், அதற்குக் காது வாயை மூடவேண்டும்.

அப்படியிருக்க, நீண்டகாலக் காது இரைச்சலுக்குப் புதிய சிகிச்சை ஒன்றை ஆராய்வதற்கு ஆட்கள் தேவை என்று சலூனில் கிடந்த பேப்பரில் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். பாதிச் சவரத்தோடு எழும்பிப் போகப் பார்த்தவரைச் சலூன்காரர் பிடித்து இருத்தி மிச்சத்தையும் முடித்து அனுப்பினார்.

ஆராய்ச்சியை நடத்தியவர் ஜெயகௌரி என்ற இளம் டொக்டர். விஷயத்தை அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். வருகிற எல்லோருக்கும் சட்டைப்பைக்குள் அடங்குகிற ஒரு பெட்டியும் காதில் கொளுவும் வயரும் கொடுப்பார்கள். தினமும் கொஞ்ச நேரம் அதில் வரும் சத்தத்தைக் கேட்கவேண்டும். பாதிப் பேருடைய பெட்டியில் அவரவர் காதுக்கென்றே அளந்து செய்த ஒலி இருக்கும். மற்றப் பாதிப் பேருக்கு வெறும் பெட்டி. சும்மா ஒரு சத்தம், மருந்தில்லை. யாருக்கு எது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற தனக்கும் தெரியாது என்றார்.

"உங்களுக்குமே தெரியாதோ?" செபமாலைக்கு நம்ப முடியவில்லை.

"தெரிஞ்சால் என்ரை முகத்தைப் பார்த்தே நீங்கள் கண்டுபிடிச்சிடுவீங்கள் ஐயா. பிறகு ரெண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கேலாது."

எண்ணெய் விடக்கூடாது, வேறு மருந்து எடுக்கக்கூடாது, ஒருநாளும் தவறவிடக்கூடாது என்று டொக்டர் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அப்படியொரு காரியத்தை மனிதர்கள் செய்வார்கள் என்று அவருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

வெளியே வாங்குப் பலகையில் மானிப்பாயைச் சேர்ந்த மார்க்கண்டு என்ற தோட்டக்காரர் இருந்தார். லான்மாஸ்ரர் உழவு இயந்திரத்துக்கும் தண்ணி இறைக்கிற மோட்டருக்கும் நடுவில் வாழ்நாளைக் கழித்தவர். அவருடைய காதில் இரும்பை அரத்தால் அராவுகிற சத்தமாம். தன்னுடையது கூவல் என்றார் செபமாலை. அராவலா கூவலா கொடுமை என்று இரண்டு பேரும் வெகுநேரம் வாதிட்டார்கள். இருவரும் காதில் கையை வைத்துக்கொண்டு உரக்கக் கதைத்ததில் தாதி வந்து சத்தம் போடவேண்டாம் என்றார். அன்றைக்கே அவர்கள் சிநேகிதராகிவிட்டார்கள்.

வினை பஸ் நிலையத்தில் தொடங்கியது.

"அண்ணை, உங்கடை நல்ல பெட்டியாயும் என்ரை வெறும் பெட்டியாயும் இருந்தால்?" என்று செபமாலை கேட்டார்.

மார்க்கண்டு யோசித்தார். "அப்பிடியெண்டால் நான் மட்டும் சுகமாகிப்போட்டு உன்ரை முகத்திலை எப்பிடித் தம்பி முழிக்கிறது?"

"இல்லாட்டி, என்ரை நல்லதெண்டால் எனக்கும் அதே கதிதானே."

ஒரு வீட்டில் நல்ல கறி வைத்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை போகிற ஊரில் பிறந்தவர்கள். சுகத்தை மட்டும் தனியே வைத்துத் தின்ன அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே வாராவாரம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் செபமாலை மானிப்பாய்க்கு பஸ் ஏறுவார். மார்க்கண்டு சைக்கிளில் சந்திக்கு வருவார். பெட்டி கை மாறும். வெறுங்கையோடு போக முடியுமா? செபமாலை நண்டு கொண்டுபோவார், மார்க்கண்டு வெங்காயம் கட்டிக் கொடுப்பார். தேநீர்க்கடையில் இருந்து கிழமை முழுக்கக் காது செய்த அட்டகாசங்களை ஒன்று விடாமல் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருவருடைய காதுக்கு அளந்த ஒலி மற்றவருக்கு எப்படிப் பொருந்தும் என்று இருவரும் யோசிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியையே மாற்றிப் போட்டுப் பேப்பர் வாசிக்கிறவர்கள் அதை யோசிப்பார்களா?

அதிசயம் என்னவென்றால் இரண்டு பேருக்கும் குறையத் தொடங்கியது. பத்துக்கு எத்தனை தொந்தரவு என்று டொக்டர் ஒவ்வொரு முறையும் கேட்பார். எட்டு என்று தொடங்கிய செபமாலை ஆறுக்கு இறங்கி, நாலுக்கு வந்து, மூன்று என்று சொன்ன நாளுக்கு முதல்நாள் இரவு பெட்டியைக் காதில் கொளுவிக்கொண்டு றேடியோ இல்லாமலே நித்திரை கொண்டிருந்தார். உடனே பருத்தித்துறைக்குப் போன் எடுத்தார்.

"றேடியோ நிண்டிட்டுது ஸ்ரெல்லா."

"கண்ணாலை பாத்திட்டுத்தான் நம்புவன்" என்றாள். ஆனால் அடுத்த கிளினிக் நாளில் வருவதாகவும் சொன்னாள்.

டொக்டருக்கோ நிலத்தில் கால் நிற்கவில்லை. "உங்கள் ரெண்டு பேருக்கும்தான் நல்லாக் குறைஞ்சிருக்கு. கொழும்பிலை ஒரு கூட்டத்திலை இந்த ஆராய்ச்சியைப் பற்றிக் கதைக்கப் போறன்" என்றார். செபமாலைக்கு அது சரியாகப் படவில்லை. இந்தப் பிள்ளை தங்களை நம்பி ஊருலகத்துக்கெல்லாம் சொல்லப்போகிறது. அதை நம்பி இன்னும் எத்தனை காதுகள் ஏமாறப்போகின்றன? சொல்லிவிட்டால் பெட்டியைப் பறித்துவிடுவார்கள். பெட்டி போனால் கூவல் வரும், கூவல் வந்தால் றேடியோ வரும், றேடியோ வந்தால் ஸ்ரெல்லா போவாள்.

பாவசங்கீர்த்தனத்தில் போய்ச் சொன்னார். முழுக்கக் கேட்ட பாதருக்கு அதைப் பத்துக் கட்டளைகளில் எதற்குள் போடுவது என்று விளங்கவில்லை. "இதை என்னட்டைச் சொல்லிப் பிரயோசனமில்லை. டொக்டரிட்டைச் சொல்லுங்கோ" என்று அனுப்பிவிட்டார்.

கிளினிக் நாளில் ஸ்ரெல்லா பருத்தித்துறையிலிருந்து நேரே வந்து இறங்கினாள். ஒரு கையில் உடுப்புப் பை. மறுகையில் டொக்டருக்குக் கொடுக்கத் தட்டைவடைப் பொதி. செபமாலை அந்த உடுப்புப் பையையே பார்த்தார். இன்றைக்குச் சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். பிறகு, யோசித்தால் வாய் வராது என்று பயந்து, மார்க்கண்டுவையும் இழுத்துக்கொண்டு உள்ளே போய் நின்றபடியே சொல்லிவிட்டார்.

"பிள்ளை, நாங்கள் பெட்டியை மாத்தினனாங்கள். கிழமைக்குக் கிழமை."

டொக்டர் முதலில் சிரித்தார், பிறகு தலையில் கையை வைத்தார். "ஏன் ஐயா?"

"ஒராளுக்கு மட்டும் நல்லது கிடைச்சால் சரியில்லைத்தானே" என்றார் மார்க்கண்டு, அது நியாயந்தானே என்ற முகத்தோடு.

இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடவேண்டும் என்று டொக்டர் வருத்தத்தோடு சொன்னார். எடுத்த பிறகு மறைப்பதற்கு ஒன்றுமில்லை. எந்தப் பெட்டி யாருக்கு என்று தெரிந்த ஒருவர் வேறு கட்டிடத்தில் இருந்தார், அவருக்குப் போன் எடுத்துக் கேட்டார். கேட்டுவிட்டுப் போனை மெதுவாக வைத்தார்.

"ரெண்டும் வெறும் பெட்டி."

இத்தனை மாதமும் செபமாலை ஒரு வெறும் பெட்டியை பஸ்ஸில் கொண்டுபோய், இன்னொரு வெறும் பெட்டியைப் பத்திரமாக வாங்கி வந்திருக்கிறார்.

"அப்ப என்ரை வெங்காயம்?" என்றார் மார்க்கண்டு.

"குறைஞ்சது பொய்யில்லை ஐயா. கவனம் வேறை பக்கம் போனாலே சில பேருக்குத் தொந்தரவு குறையும். ஆனால் சத்தம் உள்ளுக்கை அப்பிடியேதான் இருக்கு."

வாசலில் நின்ற ஸ்ரெல்லா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். "அப்ப சுகமாகேல்லை" என்றாள். செபமாலை நிமிர்ந்து பார்க்கவில்லை. உடுப்புப் பை இப்படியே திரும்பிப் போகும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

எடுத்துவிடுவதற்கு முன் கடைசியாக ஒருமுறை அளக்கவேண்டும் என்றார் டொக்டர். மேசையில் இருந்த கருவியின் வயரை அவர் காதில் கொளுவி, அதில் ஒரு கூவலை எழுப்பி, செபமாலை "இன்னும் மெல்லிசு, இன்னும் கொஞ்சம், ஓம், உதுதான்" என்று சொல்லும்வரை அதைத் தீட்டினார்.

"அது என்ன?" ஸ்ரெல்லா கேட்டாள்.

"இவரின்ரை காதுக்குள்ளை கேக்கிற சத்தம் அம்மா. கேட்டுப் பாக்கிறீங்களா?"

ஸ்ரெல்லா வயரை வாங்கிக் காதில் மாட்டினாள். முதலில் விளங்காதவள்போல நின்றாள். பிறகு முகம் சுருங்கியது. கொஞ்ச நேரம்தான் பொறுத்தாள்.

"நிப்பாட்டுங்கோ பிள்ளை."

டொக்டர் நிறுத்தினார். ஸ்ரெல்லா அதைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். "எனக்கு இந்தப் பிள்ளை நிப்பாட்டிப்போட்டா. உங்களுக்கு ஆர் நிப்பாட்டிறது?"

இத்தனை வருடத்தில் அப்படி ஒருவரும் செபமாலையிடம் கேட்டதில்லை.

தட்டைவடைப் பொதியை டொக்டரின் மேசையில் வைத்துவிட்டு அவள் முன்னால் நடந்தாள். பஸ் நிலையத்தடியில் பருத்தித்துறை பஸ் புறப்பட ஆயத்தமாக நின்றது, கொண்டக்டர் ஊர்ப்பெயரைக் கூவிக்கொண்டிருந்தார். ஸ்ரெல்லா அந்தப் பக்கம் பார்க்காமல் குருநகர் றோட்டுக்குத் திரும்பினாள். செபமாலை உடுப்புப் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"றேடியோவைப் போடுங்கோ" என்றாள் அவள், நடந்தபடியே. "ஆனால் ஸ்ரேசனைப் பிடிச்சுப் போடுங்கோ. நானும் படுத்திருந்து கேக்கிறதெண்டால் பாட்டாவது வரட்டும்."

"ஓம்" என்றார் செபமாலை. உடுப்புப் பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு அவளோடு சேர்ந்து நடந்தார்.